நிஜெரெப்பும் அதன் உறவு மொழிகளும்: காமரூன் எல்லைப்புறத்தில் ஒரு மொழிக் குழுவின் மறைவு

1.

காமரூன் நாட்டின் அடமாவா வட்டாரத்தில், நைஜீரிய எல்லையை ஒட்டி, சோமியே என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூர் மக்களின் பேச்சு மாம்பிலா மொழியின் ஒரு கிளைமொழி. அதனை ஜு பா என்பர். இவ்வூரில் முதியோர் சிலர் மட்டும் தமக்குள் முகமன் கூறும்போதும், நகையாடும்போதும், பிறர் அறியாமல் ஏதேனும் பேச விரும்பும்போதும் வேறொரு மொழியைக் கையாண்டனர். அதன் பெயர் நிஜெரெப். (அம்மக்கள் ஒலிப்பில் இப்பெயர் மெல்லொலியும் வல்லொலியும் இணைந்த மெய்ம்மயக்கத்தோடு தொடங்குகிறது, தமிழ் மொழிமுதல் மரபு அதற்கு இடந்தராமையால் இகரம் சேர்த்து எழுதவேண்டியுள்ளது.) புரூஸ் கானல், டேவிட் ஸைட்லின் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின்படி, இம்மொழியில் உரையாடும் திறன் பெற்றிருந்தோர் நால்வர். அவர்களுள் இளையவர் 1940களில் பிறந்தவர். மொழியைக் குறைவின்றி அறிந்திருந்த ஒருவர் 1998இலேயே காலமாகிவிட்டார். இவர்களுக்கு வெளியே, சில சொற்களையும் சில பாடல்களையும் மட்டும் நினைவில் வைத்திருந்தோர் சிலர் இருந்தனர்.

மொழிகளின் அழிவு பற்றிய நூல்களில் இத்தகைய எண்ணிக்கைகள் இன்று அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. படிப்போர் மனத்தில் ஒரு வழக்கமான படிமமும் உடன் எழுகிறது: பெரிய ஆட்சிமொழி ஒன்று, பள்ளிக்கூடம், நகரம், வானொலி, இவற்றின் எடை தாங்காமல் நசுங்கும் ஒரு சிறுமொழி. நிஜெரெப்பின் வரலாறு இப்படிமத்தோடு பொருந்துவதில்லை. அதன் இடத்தைப் பிடித்தது பிரெஞ்சு அன்று, ஆங்கிலமும் அன்று, வட்டார இணைப்பு மொழியாகிய ஃபுல்ஃபுல்டேயும் அன்று. அடுத்த வீட்டு மொழி, அதுவும் நெருங்கிய உறவுடைய மொழி, அதன் இடத்திற்கு வந்தது. ஒரு மொழி தன் உறவு மொழிக்குள் கரையும்போது அதன் மறைவைக் கணக்கெடுப்பும் காண்பதில்லை. மொழியியலாரின் கருவிகளும் உரிய காலத்தில் காண்பதில்லை. இக்கட்டுரை நிஜெரெப்பையும் அதனோடு இணைந்த வேறு மூன்று மொழிகளையும் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறது.

2. பாண்டாய்டு என்னும் வகைப்பாடு

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பாதியில் பெரும்பகுதி பாண்டு மொழிகள் வழங்கும் நிலமாகும். சுவாகிலி, சூலு, ஷோனா, கொங்கோ முதலாக ஏறத்தாழ ஐந்நூறு மொழிகள் இவ்வினத்தில் அடங்கும். இத்தனை பரப்பில் வழங்கியும் இவை தம்முள் மிக நெருக்கமானவை. எனவே இவை அண்மைக் காலத்தில், மொழி வரலாற்றின் அளவில் அண்மை என்ற பொருளில், ஓரிடத்திலிருந்து பரவியிருக்கவேண்டும் என்பது தெளிவு. அவ்விடம் நைஜீரிய-காமரூன் எல்லைப்புறம் என்பதும், பரவல் தொடங்கி நாலாயிரம் முதல் ஐயாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்பதும் இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. பாண்டு இனத்தை நைஜர்-காங்கோக் குடும்பத்தின் ஒரு கிளைக்குள் அடங்கிய உட்கிளையாக வைத்துக் காட்டியவர் ஜோசப் கிரீன்பெர்க். அவரது வகைப்பாடு 1963இல் முழு வடிவில் வெளிவந்தது.

பரவிச் சென்றவை பாண்டு எனின், தாயகத்திலேயே தங்கிவிட்ட உறவுகளை என்னென்பது? அவற்றையும் பாண்டுவையும் ஒருசேரக் குறிக்கும் பெயரே பாண்டாய்டு. வழக்கில் ‘பாண்டாய்டு மொழி’ என்றால் பாண்டு அல்லாத ஏனைய பாண்டாய்டு மொழி என்றே பொருள் கொள்ளப்படுகிறது. கிராஸ்ஃபீல்ட்ஸ், பெபாய்டு, டிவாய்டு, எக்காய்டு, மாம்பிலாய்டு எனப் பல சிறு குழுக்கள் இதனுள் அடங்கும். இவற்றின் உட்பிரிவுகள் பற்றி அறிஞரிடையே இன்னும் உடன்பாடில்லை. உடன்பாடின்மைக்கு முதற்காரணம் தரவின்மை. பல மொழிகளுக்கு ஓரிரு சொற்பட்டியல்களே கிடைக்கின்றன. அவையும் வெவ்வேறு கைகளால் வெவ்வேறு காலங்களில் எடுக்கப்பட்டவை.

இம்மொழிகளின் மதிப்பு யாது என்பதை ஒரு சான்றால் காட்டலாம். பாண்டு மொழிகளின் தனிச்சிறப்பு பெயர் வகுப்பு. நம் இலக்கண மரபில் திணை, பால் என்னும் பாகுபாடு வினைமுற்றில் வெளிப்படுகிறது. பாண்டு மொழிகளிலோ பெயர்ச்சொல்லின் முன்னொட்டே வகுப்பைக் காட்டும். அடையும் வினையும் அதற்கு இயைந்து நிற்கும். வகுப்புகள் பத்துக்கும் மேற்படுவதுண்டு. சுவாகிலியில் நூலைக் குறிக்கும் ‘கிதாபு’ அரபிக் கடன்சொல். தமிழ் முஸ்லிம்களின் வழக்கிலும் உள்ள அதே சொல். ஆனால் சுவாகிலி அதன் முதலசையைத் தன் வகுப்பு முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு, பன்மைக்கு ‘விதாபு’ என்று ஆக்கிவிட்டது. கடன்சொல்லையும் தன் வகுப்புக்குள் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு உயிருள்ள அமைப்பு இது. எல்லைப்புறத்து மாம்பிலாய்டு மொழிகளில் இதே அமைப்பு பெரிதும் சிதைந்துவிட்டது. அதன் எச்சம் எனக் கருதத்தக்க கூறுகள் சொல்லின் முன்னன்றி இறுதியில் காணப்படுகின்றன. முழு அமைப்புடைய உறவுகளையும் சிதைந்த உறவுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும்போதுதான் அமைப்பு எவ்வாறு பிறந்தது, எவ்வாறு தேய்ந்தது என்னும் வினாக்களுக்கு விடை தேட இயலும்.

ஒலியியலிலும் இவ்வாறே. பாண்டு மொழிகள் பலவற்றில், தொல்பாண்டு மொழியின் மிக மேல்நிலை உயிர்களுக்கு முன் நின்ற வெடிப்பொலிகள் உரசொலிகளாகத் திரிந்துள்ளன. மாற்றம் நிகழ்ந்தது என்பதை ஒப்பாய்வு காட்டும்; வாயினுள் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அது காட்டாது. மாம்பிலா மொழியில் உரசலோடு ஒலிக்கும் உயிர்கள் உள்ளன. இவ்வுயிர்களையும் பாண்டு மொழிகளின் உரசொலித் திரிபையும் இணைத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்றைக் கானல் 2007இல் வெளியிட்டார். கோடிக்கணக்கானோர் பேசும் மொழிகளின் வரலாற்றில் நிகழ்ந்த ஒரு மாற்றத்திற்கான உயிருள்ள சான்று, மலைச்சரிவில் சில ஊர்களில் வழங்கும் பேச்சில் இருக்கக்கூடும். மாம்பிலா நான்கு சமநிலைத் தொனிகளைக் கொண்ட மொழி என்பதும் ஒலியியலார் இதனை நாடி வரக் காரணமாயிற்று. நான்கு படிநிலைகளைப் பொருள் வேறுபாட்டிற்குப் பயன்படுத்தும் மொழிகள் உலகில் அதிகமில்லை.

3. நான்கு மொழிகள்

மாம்பிலா பேசுவோர் இரு நாடுகளிலுமாக ஒரு லட்சத்துக்கு மேற்படுவர். பெரும்பாலோர் நைஜீரியாவின் தாராபா மாநிலத்து மாம்பிலா பீடபூமியில் வாழ்கின்றனர். சிறுபான்மையோர் காமரூன் பகுதியில், பீடபூமியின் சரிவிலும் அதன் அடிவாரமாகிய டிக்கார் சமவெளியிலும் வாழ்கின்றனர். மாம்பிலாவைத் தனியொரு மொழி என்பதே ஒரு வசதிக்காகத்தான். அது கிளைமொழிகளின் தொடர். ஒரு முனையில் உள்ளோர் பேச்சு மறுமுனையில் உள்ளோர்க்கு எளிதில் விளங்குவதில்லை. அதன் அண்டையில் வழங்குவது குவாஞ்சா. இவ்விரண்டிற்கும் இடையில், இவ்விரண்டிற்கும் உறவாக, நான்கு சிறுமொழிகள் இருந்தன: நிஜெரெப், காசபே, சம்பப், யேனி.

சம்பப் மொழிக்கு ட்வெண்டி என்றும் பெயருண்டு. கானல் அதனை ஆராய்ந்த காலத்தில் பேசுவோர் முப்பது பேருக்கு மேலில்லை. அவர்களில் இளையவரும் 1940களின் நடுப்பகுதியில் பிறந்தவர். அதன் பின் பிறந்த குழந்தைகளுக்கு அம்மொழி கற்பிக்கப்படவில்லை. அவர்கள் குவாஞ்சாவைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்தனர்.

காசபே மொழியின் செய்தி பலரும் அறிந்தது. டேவிட் கிரிஸ்டல் 2000இல் எழுதிய மொழி மரணம் பற்றிய நூல் அதனை உலகறியச் செய்தது. 1994-95இல் மாம்பிலா வட்டாரத்தில் கள ஆய்வு மேற்கொண்ட கானல், இம்மொழியைப் பேசும் ஒரே ஒரு முதியவரைக் கண்டார். தம்மையன்றி வேறு எவரும் அம்மொழியை அறிந்திருப்பதாக அம்முதியவருக்கே தெரியவில்லை. மேலும் தரவு திரட்டும் நோக்கத்தோடு 1996 நவம்பரில் கானல் அங்குத் திரும்பினார். முதியவர் 1995 நவம்பர் 5ஆம் நாளே இறந்துவிட்டிருந்தார். அவருக்கு ஒரு சகோதரி இருந்தார். மக்களும் பேரக்குழந்தைகளும் இருந்தனர். மக்களுக்கும் பேரர்க்கும் மொழி தெரியாது. சகோதரிக்குக் கேட்டால் புரியும், பேச வராது என்று கூறப்பட்டது.

இந்நிகழ்ச்சியை எடுத்தாள்வோர் அந்த நவம்பர் 5ஆம் நாளை மொழி இறந்த நாளாகக் குறிக்கின்றனர். உருக்கமான குறிப்புத்தான், ஆனால் மொழியியல் நோக்கில் அது பிழையான நாள். பேச்சு இருவர் தொழில். மறுமொழி கூறவல்ல கடைசித் துணை என்று மறைந்தாரோ அன்றே காசபே வழக்கொழிந்தது. அந்நாளை எவரும் குறித்துவைக்கவில்லை. அன்று இறந்தவர் கடைசிப் பேசுநர் அல்லர், கடைசிக்கு முந்தியவர். அவரது மறைவைச் செய்தியாகக் கருதும் ஏற்பாடு எந்நாட்டிலும் இல்லை.

யேனி மொழியைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் குறைவு. நியாலாங் பகுதியில் ஜேனி மலையைச் சுற்றி வழங்கிய அம்மொழியில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு பாட்டு. அதனையும் நினைவில் வைத்திருப்போர் சாண்டானி என்னும் வேறொரு பேச்சுக்குரியவர்கள். அப்பாட்டின் சொற்களைக் கொண்டு, யேனி ஏனைய மூன்று மொழிகளோடும் நெருங்கிய உறவுடையது என்பதை நிறுவ முடிந்தது.

ஒரு பாட்டிலிருந்து மொழி உறவை நிறுவுவது எத்தகைய செயல் என்பதை ஒப்பாய்வில் பழகியோர் உணர்வர். தொனி மொழியில் அமைந்த பாட்டில் இசையின் ஏற்ற இறக்கம் சொல்லின் தொனியோடு மோதும். எது மொழிக்குரியது, எது பண்ணுக்குரியது என்று பிரித்தறியப் பேச்சுவழக்கு வேண்டும். இங்கு அது இல்லை. பாடுவோர் சொற்களைப் பொருளறிந்து பாடாவிடின் தம் மொழியின் ஒலியமைப்புக்கேற்பத் தம்மையறியாமலே திருத்திவிடுவர். சொல் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதுகூட உறவு மொழிகளின் துணைகொண்டே ஊகிக்கப்படவேண்டும். அதாவது, உறவை நிறுவ உதவும் சான்றே உறவு இருப்பதாகக் கொண்டுதான் படிக்கப்படுகிறது. இத்தனை இடர்ப்பாட்டிற்கிடையிலும் உறவு புலப்படுகிறது எனின் அது மிக நெருங்கிய உறவு என்றே பொருள். தொலைவுறவாயின் ஒரு பாட்டு போதியிராது.

4. உறவுக்குள் கரைதல்

இம்மொழிகள் ஏன் கைவிடப்பட்டன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபுலானி அமீரகங்கள் இப்பகுதியில் வலுப்பெற்றன. பான்யோ போன்ற இடங்களிலிருந்து அடிமைகளைப் பிடிக்கும் படையெடுப்புகள் மலையூர்களைத் தாக்கின. ஊர்கள் கலைந்தன, எஞ்சியோர் பிற ஊர்களோடு சேர்ந்தனர். 1884க்குப் பின் ஜெர்மானிய ஆட்சி வந்தது. முதல் உலகப்போரில் அது வீழ்ந்தபின் நிலம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் பங்கிடப்பட்டது. மாம்பிலா நிலமும் இரு கூறாயிற்று. 1961 பிப்ரவரியில் நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரிட்டனின் வட காமரூன் பகுதி நைஜீரியாவோடு இணைந்தது. பீடபூமி அவ்வழியே நைஜீரியாவுக்குச் சென்றது. இன்று சோமியேயில் ஆட்சிமொழி பிரெஞ்சு. மலைக்கு அப்பால் ஆங்கிலம்.

இவ்வளவு பெரிய அரசியல் மாற்றங்களைக் கண்டும், நிஜெரெப் வழிவந்தோர் பிரெஞ்சுக்கோ ஃபுல்ஃபுல்டேக்கோ மாறிவிடவில்லை. தாம் வாழும் ஊரின் மொழிக்கு மாறினர். சம்பப் மக்கள் குவாஞ்சாவுக்கு மாறினர். மதியாஸ் பிரென்சிங்கர் 1992இல் தொகுத்த மொழி மரணம் பற்றிய நூல் கிழக்கு ஆப்பிரிக்கச் சான்றுகளைக் கொண்டு இதே போக்கைக் காட்டியிருந்தது: ஆப்பிரிக்காவில் ஒரு சிறுமொழி பெரும்பாலும் வேறோர் ஆப்பிரிக்க மொழிக்கே இடம்விடுகிறது. எல்லைப்புறத்தில் இது இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இடம்பெறும் மொழியும் சிறுமொழியே. இடம்விடும் மொழியின் உடன்பிறப்பே.

இதனால் விளைவது யாது? முதலாவது, மாறுவோர்க்கு அது பெரிய தாண்டலாகத் தோன்றுவதில்லை. வேர்ச்சொற்கள் பல ஒன்றே, தொடரமைப்பு ஒன்றே, ஒலிகளில் சில வேறுபாடுகள். தெலுங்கரின் பேச்சைப் பிரெஞ்சுக்காரர் கற்பது போன்றதன்று இது. ஓர் ஊரார் அடுத்த ஊரார் பேச்சுக்கு நாவைத் திருப்பிக்கொள்வது போன்றது. எதையோ இழக்கிறோம் என்னும் உணர்வு எழுவதற்குரிய இடைவெளி அங்கு இல்லை.

இரண்டாவது, ஆய்வாளர்க்கு நேரும் இடர்ப்பாடு. முதியவர் ஒருவர் ஒரு சொல்லைத் தருகிறார். அது நிஜெரெப்பா, அல்லது ஜு பா சொல்லை நிஜெரெப்பின் ஒலிப்பில் அவர் சொல்கிறாரா? இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்த இனச்சொற்களாயின் வடிவத்தைப் பார்த்து முடிவுகூற இயலாது. பிரெஞ்சுக் கடன்சொல் வெளிப்படையாகத் தெரியும். உடன்பிறந்த மொழியின் கடன்சொல் தெரியாது. அறுபது ஆண்டுகள் ஜு பா பேசி வாழ்ந்த ஒருவரின் நினைவில் இரு மொழிகளுக்கும் இடையிலான வரம்பு எங்குள்ளது என்பது அவர்க்கே உறுதியாயிருக்காது. இத்தகைய தரவைக் கொண்டு உறவின் நெருக்கத்தை அளவிடும்போது, பிற்காலக் கலப்பு பழைய உறவாகக் கணக்கில் ஏறிவிடும் அபாயம் உண்டு. ஒலி வேறுபாடுகள் பற்றியும் இதுவே நிலை. சம்பப் பேசுவோரிடையே காணப்பட்ட ஒலிப்பு வேறுபாடுகளைக் கானல் 2002இல் தனியே ஆராய்ந்தார். ஒரு முதியவர் ஒருவாறும் இன்னொருவர் வேறுவாறும் ஒலித்தால், அது தேய்வின் அடையாளம் என்று சொல்லிவிடுவது எளிது. நலமாக வாழும் மொழியிலும் அத்தகைய வேறுபாடுகள் இயல்பாக உண்டு. தேய்ந்த மொழி என்று முன்கூட்டியே அறிந்து செல்பவர் காண்பதையெல்லாம் தேய்வாகவே காண்பார்.

மூன்றாவது, எண்ணுவோர்க்கு நேரும் இடர்ப்பாடு. உறவு மொழிக்குள் கரையும் மொழியைக் கணக்கெடுப்போர் அதன் கிளைமொழியாகவே பதிந்துவிடுவர். இந்திய வாசகர்க்கு இது புதிதன்று: 1971 முதல் இந்தியக் கணக்கெடுப்பு, பத்தாயிரத்துக்குக் குறைந்தோர் பேசும் மொழிகளைத் தனியே வெளியிடுவதில்லை, அவை ‘பிற’ என்னும் தலைப்பில் அடங்கும். நிஜெரெப் இந்தியாவில் இருந்திருப்பின், அது இருந்ததற்கும் இல்லாமற்போனதற்கும் வெளியிடப்பட்ட அட்டவணையில் எவ்வித வேறுபாடும் தோன்றியிராது.

5. எண்ணிக்கை என்னும் சிக்கல்

சோமியேக்கு மேற்கே, காமரூனின் வடமேற்கு வட்டாரத்தில் ஃபுரு-அவா பகுதியில் மூன்று மொழிகள் இதே நிலையில் இருந்தன: புசூ, பிஷுவோ, பிக்கியா. இம்மக்கள் மாறிச் சென்றது ஜுக்குன் மொழிக்கு. 1986இல் நடந்த ஆய்வில் புசூ பேசுவோர் எண்மர், பிஷுவோ பேசுபவர் ஒருவர், பிக்கியா பேசுவோர் நால்வர் எனக் கண்டறியப்பட்டது. நால்வருள்ளும் ஒருவரே சரளமாகப் பேசினார், அவர் எழுபதைக் கடந்த ஆடவர். அதே ஆண்டில் டேவிட் டால்பி என்னும் ஆங்கில அறிஞர் 87 வயது மூதாட்டி ஒருவர் பிக்கியாவில் பேசுவதைப் படம்பிடித்தார். அம்மூதாட்டியே அம்மொழியின் கடைசிப் பேசுநர் என்று அப்போது கருதப்பட்டது. ஒரே ஆண்டில், ஒரே மொழிக்கு, இருவேறு கடைசிப் பேசுநர்கள். எவர் கூற்றும் பொய்யன்று. யாரிடம் கேட்கிறோம், எதைப் பேச்சு என்று ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தே எண் அமைகிறது. நான்சி டோரியன் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியை ஆராய்ந்து 1970களில் ‘அரைப் பேசுநர்’ என்னும் வகையை நிறுவியபின், பேசுநர்க்கும் பேசாதார்க்கும் இடையே தெளிவான கோடு இல்லை என்பது யாவரும் அறிந்ததே. எனினும் பட்டியல்கள் ஒற்றை எண்ணையே கேட்கின்றன.

புசூ பேசுவோர் 2005இல் மூவராகக் குறைந்தனர். கணினி வழியே மொழி கற்பிக்கும் நிறுவனமொன்று 2008இல் தொடங்கப்பட்டபோது இம்மொழியின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. அந்நிறுவனத்தின் வழியே பல மொழிகளைக் கற்போர் நாள்தோறும் புசூ என்னும் பெயரை உச்சரிக்கின்றனர்.

சிறுமையே அழிவுக்குக் காரணம் என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. அதே வடமேற்கு வட்டாரத்தில் கீழ் ஃபுங்கோம் என்னும் சிறு நிலப்பகுதி உள்ளது. அங்குப் பதின்மூன்று ஊர்கள். ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட பாண்டாய்டு மொழிகள். அஜும்பு, குங், ஃபாங், கோஷின் போன்றவை ஒவ்வொன்றும் ஓரூர் மொழிகள். பேசுவோர் சில நூறு முதல் சில ஆயிரம் வரை. ஜெஃப் குட், பியர்பாலோ டி கார்லோ முதலியோர் அங்கு நிகழ்த்திய ஆய்வுகள் காட்டுவது: ஒவ்வோர் ஊருக்கும் தனித் தலைவர் உண்டு, தனி ஊர் என்பதன் அடையாளமே தனி மொழி, மக்களோ அண்டை ஊர் மொழிகள் பலவற்றைப் பேச வல்லவர்கள். அடுத்தவர் மொழியைக் கற்பது தன் மொழியை விடுவதற்கான முதற்படியாக அங்கு இருக்கவில்லை. ஊர் நின்றவரை மொழியும் நின்றது. சில நூறு பேர் பேசும் மொழி தலைமுறை தலைமுறையாக நிலைபெறுவதும், நிஜெரெப் கரைந்துபோவதும் ஒரே மொழிக் கிளையில் நிகழ்கின்றன என்றால், வேறுபாட்டை எண்ணிக்கையில் தேடிப் பயனில்லை. தனக்கென ஓர் ஊரும் தலைமையும் உள்ளதா, அல்லது பிறர் ஊரில் ஒரு குடியாய் வாழ்கிறதா என்பதே கேட்கவேண்டிய வினா. 2016-17 முதல் காமரூனின் ஆங்கில வட்டாரங்களில் நிகழ்ந்துவரும் மோதல்கள் வடமேற்கில் ஏராளமானோரை ஊரைவிட்டு அகற்றியுள்ளன. மொழிகளின் காவலாக இருந்த அந்த ஊரமைப்பே இன்று ஆட்டம் கண்டுள்ளது.

6. எஞ்சுவது எது

நிஜெரெப்பின் இறுதிக் கட்டத்தில் எஞ்சிய பயன்பாடுகளை மீண்டும் நோக்கலாம்: முகமன், நகைச்சுவை, மறைபேச்சு, சில பாடல்கள். வீட்டு வேலை, உழவு, சந்தை, குழந்தை வளர்ப்பு ஆகிய அனைத்தும் ஜு பாவுக்குச் சென்றுவிட்டன. எஞ்சியவற்றுள் மறைபேச்சு கருதத்தக்கது. பேசுவோர் குறையக் குறைய அம்மொழி மறைபேச்சுக்கு மேலும் ஏற்றதாகிறது; சிறுமையே அதன் பயனாக மாறிவிடுகிறது. ஆனால் கேட்டுணரும் துணை ஒருவராவது இருக்கும் வரையில்தான்.

கள ஆய்வாளர் கையில் உள்ள வினாநிரலோ வேறு வகையானது. உடலுறுப்பு, உறவுமுறை, விலங்கு, எண், நிறம், பின்னர் ‘அவன் நேற்று வந்தான்’ போன்ற தொடர்கள். முதியவர் நாற்பது ஆண்டுகளாக அம்மொழியில் பயன்படுத்தாதவை இவை. பயன்படுத்தியவை வினாநிரலில் இல்லை. நகைச்சுவையை வினவிப் பெற இயலாது. மறைபேச்சோ, ஒலிப்பதிவுக் கருவியின் முன் வைத்த கணமே மறைபேச்சாக இராது. ஆகவே நமக்குக் கிடைக்கும் பதிவில் மொழியின் எலும்புக்கூடு இருக்கும். அம்மொழி கடைசியாக எதற்காக உயிர் வாழ்ந்ததோ அது இராது. சொற்பட்டியல் வேண்டாமென்பதன்று இதன் பொருள். கானலும் ஸைட்லினும் திரட்டித் தந்த சொற்களும் இலக்கணக் குறிப்பும் இல்லையெனில் நிஜெரெப் இன்று வெறும் பெயராகவே நின்றிருக்கும். ஸைட்லின் மானிடவியலார், 1980களின் நடுப்பகுதி முதல் சோமியேக்குச் சென்று வந்தவர். ஊரோடு நெடுநாள் பழகிய ஒருவர் உடனிருந்தமையால்தான், யார் யாரோடு எப்போது நிஜெரெப் பேசினர் என்பது அக்கட்டுரையில் இடம்பெற முடிந்தது. மொழியியலார் மட்டும் சில வாரங்கள் சென்றிருந்தால் அச்செய்தி வினாநிரலுக்கு வெளியே விழுந்திருக்கும்.

மொழிபெயர்ப்பாளர் இங்குக் கருதவேண்டியது ஒன்றுண்டு. வினா எந்த மொழியில் கேட்கப்படுகிறதோ அம்மொழியின் பாகுபாடுகள் விடையில் படியும். பிரெஞ்சில் கேட்டால் பிரெஞ்சின் கால அமைப்பும், ஜு பாவில் கேட்டால் ஜு பாவின் சொற்றொடரும் விடையின் வார்ப்பாகின்றன. கடைசிப் பேசுநர் தருவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பே, மூலம் அன்று. அம்மொழியிலேயே எழுந்து அம்மொழியிலேயே மறுமொழி பெற்ற ஒரு பேச்சைப் பதிவு செய்ய இருவர் வேண்டும். இருவர் உள்ளவரை அப்பணிக்கு அவசரம் இல்லை என்று எல்லோரும் எண்ணுகின்றனர். நிதி வழங்குவோரும் அவ்வாறே எண்ணுகின்றனர் போலும்.

காசபே முதியவரின் சகோதரியைப் பற்றிய அக்குறிப்பு இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. கேட்டால் புரியும், பேச வராது. இத்தகையோர் பேசுநர் எண்ணிக்கையில் சேர்வதில்லை. ஆனால் பேசுபவரின் எதிரே கேட்பவராக அமர்ந்து, சொல்வது விளங்கியது என்று தலையசைத்து, பிறகு அதன் பொருளைத் தாம் இன்று பேசும் மொழியில் எடுத்துச் சொல்ல வல்லவர்கள் இவர்களே. சம்பப் ஊர்களில் முப்பது பேசுநரைச் சுற்றி இவ்வாறு கேட்டு வளர்ந்தோர் இருந்திருப்பர், ஃபுரு-அவாவிலும் இருந்திருப்பர். அவர்களையும் தேடி எண்ணவேண்டும். மாம்பிலா வட்டாரத்தில் 1994-95இல் ஒரே கூரையின் கீழ் அமரக்கூடிய நிலையில் ஒரு பேசுநரும் ஒரு கேட்பவரும் இருந்தனர். அடுத்த பயணம் 1996 நவம்பரில் அமைந்தது.